கிர்க்கின் கல்லறையில் ஓர் எழுத்து

கே: ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொடர்களை முதலிலிருந்து பார்த்து வருகிறேன். பழைய தொடரில் கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரகப் போர்வீரர் இனத்துக்கு நம்மைப் போலச் சாதாரண நெற்றி, பிறகு நெற்றி முழுக்க மேடு பள்ளம். எது கேனன், அதாவது எது அதிகாரபூர்வக் கதை?

ப: இரண்டும்தான். திரையில் வந்தது கேனன், நாவலும் காமிக்ஸும் சேராது என்பதுதான் பொதுவான கணக்கு. 1966-ல் தொடங்கிய தொடரில் ஒப்பனைக்குக் கைவசம் பணம் குறைவு, 1979-ல் சினிமா வந்தபோது இருந்தது, நெற்றி மாறிவிட்டது. 1996-ல், பின்னால் வந்த டீப் ஸ்பேஸ் நைன் தொடரின் குழு கடந்த காலத்துக்குப் போய் அந்த வழுவழு நெற்றிக்காரர்களை நேரில் பார்க்கும். எல்லோரும் திரும்பி, குழுவில் இருக்கும் கிளிங்கானான வோர்ஃபைப் பார்க்க, அவர் முகத்தை இறுக்கிக்கொண்டு, வெளியாட்களிடம் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடித்துவிடுவார். எனக்கு அது போதும். 2005-ல் எண்டர்பிரைஸ் தொடரில் மரபணு மாற்றத்தால் வந்த வைரஸ் என்று இரண்டு எபிசோடு போட்டு விளக்கினார்கள், கெட்டிக்காரத்தனமான விளக்கம்தான், ஆனால் கிளிங்கான்களின் மானமும் கூச்சமும் வோர்ஃபின் ஒரே வரியில் வந்துவிட்டன, வைரஸில் வரவில்லை.

கே: பழைய தொடரின் நாயகன் கேப்டன் கிர்க்கின் நடுப்பெயர் ‘ஆர்’ என்கிறான் நண்பன். உண்மையா?

ப: ஒரே ஒரு தடவை. பழைய தொடரின் இரண்டாவது பைலட் (முன்னோட்ட) எபிசோடில் சக்தி தலைக்கேறிய கேரி மிட்செல், உயிரோடு இருக்கும் நண்பன் கிர்க்குக்கே குழி தோண்டிக் கல் நடுவான், அதில் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’ என்று இருக்கும். அப்புறம் ‘டி’ ஆகிவிட்டது. ‘டி’ என்றால் டைபீரியஸ் என்று சொன்னது 1974-ல் வந்த அனிமேஷன் எபிசோடு. அந்த அனிமேஷன் தொடரையே பல வருஷம் கேனன் இல்லை என்று ஒதுக்கினார்கள், பெயரை மட்டும் யாராலும் ஒதுக்க முடியவில்லை, 1991 சினிமாவில் ஏறி நிலைத்துவிட்டது.

கே: மரபணு மாற்றத்தில் உருவான வில்லன் கானின் காலத்தையே மாற்றிவிட்டார்களே, இது அநியாயம் இல்லையா? இனி ஸ்டார் ட்ரெக் எந்தப் பக்கம் போக வேண்டும்?

ப: இல்லை, சரியாகத்தான் செய்தார்கள். 1967 எபிசோடின்படி, கான் பங்கெடுத்த மரபணுப் போர் 1990-களில் நடந்திருக்க வேண்டும், அதை நாம் தாண்டியே வந்துவிட்டோம். 2023-ல் ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் தொடரில், காலத்துக்குள் பலர் குறுக்கிட்டதால் எல்லாம் தள்ளிப்போனது என்று சொல்லி, 21-ம் நூற்றாண்டு டொரான்டோவில் கானைச் சின்னப் பையனாகக் காட்டினார்கள். இன்றைய உலகத்திலிருந்துதான் அந்த எதிர்காலத்துக்குப் போகிறோம் என்ற நம்பிக்கைதான் ஸ்டார் ட்ரெக்கின் உயிர், அதைக் காப்பாற்ற ஒரு தேதியை நகர்த்தினால் தப்பே இல்லை. ஆனால் கிர்க், ஸ்பாக் இளமைக் காலத்தையே சுற்றிச் சுற்றி வந்தது போதும். 2020-ல் டிஸ்கவரி கப்பல் 900 வருஷத்துக்கு மேல் தாவி 32-ம் நூற்றாண்டில் போய் இறங்கி, கிரகங்களின் கூட்டமைப்பான ஃபெடரேஷன் சிதறிக் கிடப்பதைப் பார்த்ததே, அந்தப் பக்கம்தான் போக வேண்டும். அங்கே அடுத்து யார் பிழைப்பார்கள் என்று நமக்கு முன்கூட்டியே தெரியாது.