பேஸ்பால் மைதானங்கள் ஏன் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை?

பேஸ்பால் மைதானத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. தொழில்முறை ஆட்டத்தில் உள்மைதானத்தின் அளவு எங்கும் மாறாது: ஒரு பேஸுக்கும் (ஓடுபவர் தொட வேண்டிய இடம்) அடுத்ததற்கும் 90 அடி, பந்து எறியும் இடத்திலிருந்து மட்டையாளர் நிற்கும் தட்டுக்கு 60 அடி 6 அங்குலம். அதற்கு அப்பாலுள்ள வெளிமைதானத்துக்கு அப்படி ஒரே அளவு கிடையாது.

காரணம், நிலம். பழைய அமெரிக்க மைதானங்கள் ஊருக்கு வெளியே அல்ல, நெரிசலான தெருக்களுக்கு நடுவே எழுந்தவை. கோணல் மனையில் வீடு கட்டுவதைப் போலத்தான். அடுப்பங்கரையைச் சுருக்க முடியாது, கொல்லைப்புறம் மனைக்கேற்ப நீளும், குறுகும். பாஸ்டனில் 1912இல் திறந்த ஃபென்வே பார்க்கில் இடப்பக்கச் சுவரை ஒட்டியே லான்ஸ்டவுன் தெரு ஓடுகிறது. தூரம் போதாததால் சுவர் உயர்ந்தது, சுமார் 37 அடி. 'கிரீன் மான்ஸ்டர்' என்று அதற்குச் செல்லப்பெயர். வேறு மைதானத்தில் சுவரைத் தாண்டிப் பறந்து ஹோம் ரன் ஆகியிருக்கும் பந்து இங்கே சுவரில் மோதித் திரும்பும். அதன் அடியிலுள்ள ஸ்கோர் பலகையில் இன்றும் மனிதக் கைகளே எண்களை மாட்டுகின்றன. எனக்கு மிகப் பிடித்த காட்சி அது.

சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் செங்கல் சுவர் முழுக்க ஐவி கொடி, 1937இல் நட்டது. பந்து கொடியில் சிக்கினால் மட்டையாளருக்கு இரண்டு பேஸ். இப்படி ஒவ்வொரு மைதானத்துக்கும் தனி முகம் இருப்பதால்தான் ரசிகர்கள் அணியை நேசிப்பதுபோல் மைதானத்தையும் நேசிக்கிறார்கள்.

மைதானத்துக்கு மைதானம் அளவு மாறுவதால் ஆட்டம் நியாயமற்றது என்று பலர் நினைப்பதுண்டு. ஆனால் ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் அதே சுவரை நோக்கித்தான் அடிக்கின்றன.