பின் பிவட்டில் மாட்டிக்கொண்ட பேரிங் வளையம்

சைக்கிளோட பின் பிவட்ல (ஃப்ரேமோட பின்பகுதி அசையிற மூட்டு) இருந்த பேரிங்கை ஸ்க்ரூடிரைவர் வச்சுத் தட்டினதுல குண்டெல்லாம் சிதறி, வெளி வளையம் மட்டும் அலுமினிய ஃப்ரேம்ல மாட்டிக்கிச்சுன்னு எழுதியிருக்கீங்க. இனி சுத்தியலைத் தொடாதீங்க. வளையம் சாய்ஞ்சா அது உக்கார்ற குழி கோணிப்போயிடும். பேரிங் மாத்திக்கலாம், ஃப்ரேமை மாத்தறது லேசா?

சர்க்ளிப் (பேரிங் வெளியே வராம தடுக்கிற கம்பி வளையம்) ஏதாவது மறைஞ்சிருக்கான்னு முதல்ல பாருங்க. டபிள்யூடி-40 (துரு இளக்குற ஸ்ப்ரே) அடிச்சு ராத்திரி ஊறவிட்டு, காலையில சுத்தமாத் துடைச்சிட்டு, ஹாட் ஏர் கன்ல குழியைச் சுத்திச் சூடு காட்டுங்க. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய 2 மடங்கு விரியும், பிடி தளரும். சொட்டுத் தண்ணி 'சுர்'ருன்னா போதும், பெயிண்ட் பொங்க விடாதீங்க. (கார்பன் ஃப்ரேம்காரங்க இதைச் செய்யவே கூடாது.)

அப்புறம் உள்ளே விரியிற பேரிங் புல்லர், அதாவது வளையத்தை உள்ளேயிருந்து பிடிச்சு வெளியே இழுக்கிற கருவி வேணும். குண்டு ஓடின பள்ளத்துல அதோட நகம் நல்லாப் பிடிக்கும். கிருஷ்ணகிரியில பைக் இன்ஜின் பிரிக்கிற பட்டறைகள்ல கேட்டுப் பாருங்க. வளையத்தோட உள்பக்கம் வெல்டிங் பொட்டு வச்சா அது சுருங்கி விழும்னு யாராவது சொல்வாங்க. மெல்லிய ஃப்ரேம்ல நான் அதுக்கு ஒத்துக்க மாட்டேன்.

புதுசு வாங்க, பழைய பேரிங்கோட சீல்ல (பக்கவாட்டு மூடியில) இருக்கற எண்ணைப் பாருங்க. 6902ன்னா 15 × 28 × 7 மி.மீ. (உள் விட்டம், வெளி விட்டம், அகலம்). போல்ட், வாஷர் வச்சு நேரா இறுக்கி ஏத்துங்க. அழுத்தம் வெளி வளையத்துல மட்டும்.

கே.ஆர்.பி. அணைப்பக்கம் சேத்துல ஓட்டிட்டுப் பிரஷர் தண்ணி அடிக்கிறதை மட்டும் விட்டுடுங்க, பேரிங்குக்குள்ள தண்ணி போயிடும்.