லீக் டூ கழகம் மகனைக் கேட்கிறது: லண்டன் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. லீக் டூ கழகம் ஒன்று மகனுக்குத் தருகிற இரண்டு வருட ஸ்கொலர்ஷிப்பை, அதாவது உதைபந்தாட்டப் பயிற்சியும் கூடவே படிப்பும் சேர்ந்த இடத்தை, ஏற்கலாமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான ஏ லெவல் படிப்பை விட்டுவிட்டுப் பந்துக்குப் பின்னால் போனால் பிள்ளையின் எதிர்காலம் என்னவாகும் என்று உங்கள் கணவர், அண்ணை, கேட்கிறார். என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன்: ஏற்கலாம். ஆனால் படிப்புக்கு என்ன ஏற்பாடு என்று கழகத்திடம் எழுத்தில் வாங்கிய பிறகுதான் கையெழுத்து.

போகிற இடம் எப்படிப்பட்டது என்று முதலில் பார்ப்போம். லீக் டூ, இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின் நான்காம் படி. 24 அணிகள், பருவத்துக்கு 46 லீக் ஆட்டங்கள், சனியும் செவ்வாயும் நாடு முழுக்க பஸ் பயணம். பிரீமியர் லீக் சம்பளக் கதைகளை இங்கே கொண்டுவர வேண்டாம். நிலைத்து ஆடுகிற வீரருக்கு நல்ல உத்தியோகக்காரர் ஒருவரின் சம்பளம் வரும். ஆனால் அது பெரும்பாலும் முப்பத்தைந்து வயதளவில் நின்றுவிடும். ஸ்கொலராக இருக்கிற இரண்டு வருடமும் கிடைப்பது கைச்செலவுக்குத்தான் காணும்.

அண்ணையின் பயத்துக்கு நேராக வருகிறேன். இங்கிலாந்தில் 18 வயதுவரை படிப்பிலோ தொழிற்பயிற்சியிலோ இருந்தாக வேண்டும். உதைபந்தாட்ட ஸ்கொலர்ஷிப் அந்தக் கணக்கில் சேரும். இதன் படிப்புப் பக்கத்தைப் பார்ப்பதற்கென்றே லீக்கும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து 2004இல் ஓர் அமைப்பைத் தொடங்கின. அதனால் படிப்பே இல்லாமல் போய்விடும் என்பது சரியல்ல. எந்தப் படிப்பு என்பதுதான் பிரச்சினை. அநேகமாக விளையாட்டுத்துறையில் பிடெக் (BTEC) என்ற தொழில்சார் படிப்பைக் கொடுப்பார்கள். அதிலேயே சின்னதும் இருக்கிறது, பெரியதும் இருக்கிறது. மூன்று ஏ லெவலுக்குச் சமமான முழு டிப்ளோமாவா, அதில் பாதியா என்று கேளுங்கள். பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகள் அதைப் பொறுத்தே வரும். விளையாட்டு விஞ்ஞானம், ஆசிரியத்தொழில், வணிக முகாமைத்துவம் போன்றவற்றுக்கு இந்த வழியாகப் போகலாம். மருத்துவத்துக்குப் போக முடியாது. பொறியியல் என்றால் கணிதத்தில் ஏ லெவல் வேண்டும், அல்லது அடிப்படை ஆண்டோடு வரும் பட்டப்படிப்பைத் தேட வேண்டும். கணிதத்தை மட்டுமாவது பக்கத்துக் கல்லூரியில் அல்லது ஒன்லைனில் சேர்த்துப் படிக்க விடுவீர்களா என்று கழகத்திடம் கேட்டுப் பாருங்கள். சில கழகங்கள் ஒத்துக்கொள்ளும், சில முகம் சுளிக்கும். முகம் சுளித்தால் அந்தக் கழகத்தைப் பற்றி உங்களுக்கு அதிலேயே ஒரு விஷயம் தெரிந்துவிடும்.

மருத்துவம்தான் வேண்டும் என்று மகனே வாய் திறந்து சொன்னால் நான் என் பதிலை மாற்றுவேன். அண்ணை மட்டும் சொன்னால் மாற்றமாட்டேன்.

அடுத்தது, மகன் ஆடுகிற இடம். அவர் சென்டர் பேக், அதாவது நடுப் பின்கள வீரர், என்று எழுதியிருந்தீர்கள். இது மிக முக்கியம், பெற்றோர் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஓரமாக ஓடித் தாக்கும் 18 வயது விங்கரைக் கடைசிப் பத்து நிமிடம் இறக்கிப் பார்க்க எந்த மேலாளரும் துணிவார். நடுப் பின்களத்தில் அப்படிச் செய்யமாட்டார்கள். அங்கே ஒரு பிழை விட்டால் கோல். மேலாளரின் வேலையும் அதோடு போகலாம். அதனால் முப்பது வயதுக்காரரையே நிறுத்துவார்கள். யாராவது காயப்பட்டால்தான் இளையவருக்கு வாசல் திறக்கும். நல்ல சென்டர் பேக் ஒருவர் 22, 23 வயதில்தான் தெரிய வருவார். அதுவரை அவரை ஆறாம் படியான நேஷனல் லீக் நோர்த், சவுத், அதற்கும் கீழே உள்ள அணிகளுக்குக் கடனாக, அதாவது தற்காலிகமாக, அனுப்புவார்கள். பிள்ளையைத் தள்ளிவிட்டார்கள் என்று அப்போது நினைக்காதீர்கள். வளர்ந்த ஆண்களோடு முட்டி மோதிப் பழகுவதற்கு வேறு வழி இல்லை.

சென்டர் பேக் டான் பர்னைப் பாருங்கள். நியூகாசில் கழகம் அவரை 11 வயதில் விட்டுவிட்டது. அஸ்டா சூப்பர்மார்க்கெட்டில் டிராலி தள்ளியிருக்கிறார். டார்லிங்டனில் தொடங்கி, 2011இல் ஃபுல்ஹாம் வாங்கி, யோவில் போன்ற இடங்களுக்குக் கடனாகப் போய், 2022இல் நியூகாசிலுக்கே திரும்பி வந்தார். 2025 மார்ச்சில் லீக் கிண்ண இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தார். சில நாளில் இங்கிலாந்துக்காக முதல் தடவை ஆடினார், வயது 32. டைரோன் மிங்ஸும் அப்படித்தான். சவுத்தாம்ப்டன் விட்ட பிறகு யேட், சிப்பன்ஹாம் என்று சிறிய ஊர் அணிகளில் ஆடிக்கொண்டு, பகலில் வீட்டுக்கடன் ஆலோசகராக வேலை பார்த்தார். 2012இல் இப்ஸ்விச் அழைத்தது.

இவர்கள் விதிவிலக்கு. மகன் இவர்களைத்தான் மனதில் வைத்திருப்பார், அது தவறில்லை. நீங்கள் டீன் லூவிங்டனை மனதில் வையுங்கள். இடது பின்கள வீரர். எம்கே டொன்ஸ் என்ற ஒரே கழகம், பெரும்பாலும் மூன்றாம், நான்காம் படி. ஒரே கழகத்துக்காக 770 லீக் ஆட்டங்கள் என்று ஸ்விண்டனின் ஜோன் ட்ரோலோப் 1980இல் விட்டுப்போன சாதனையை 2023இல் தாண்டினார். 2025இல் ஓய்வு. அவரைத் தெருவில் கண்டால் அந்த ஊருக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. ஆனால் அது ஒரு முழுமையான, மரியாதையான தொழில் வாழ்க்கை. அந்த அளவுக்குக் கூட மிகச் சிலரே போகிறார்கள்.

இனி 18 வயதில் நடப்பது. ஸ்கொலர்களில் பெரும்பாலானவர்களுக்கு முழுநேர ஒப்பந்தம் கிடைப்பதில்லை. இரண்டாம் வருடத்தில் மேலாளரின் அறைக்குக் கூப்பிட்டு ஐந்து நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். எட்டு, ஒன்பது வயதிலிருந்து 'இவன் புட்போலர்' என்றே எல்லோரும் அறிந்த பிள்ளைக்கு அது பெரிய அடி. இதைப் பற்றி மகனோடு இப்போதே வெளிப்படையாகக் கதையுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. விடுபட்டவர்களுக்கென்று மற்றக் கழகங்களின் ஆட்கள் வந்து பார்க்கும் தேர்வு ஆட்டங்கள் நடக்கின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழக உதவித்தொகை இன்னொரு வழி. செவ்வாய், வியாழன் மாலைப் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், மற்ற நேரம் வேறு வேலை என்று பகுதிநேரமாக ஆடுகிறவர்கள் ஏராளம். 19 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே வருடத்தில் பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் அக்சஸ் டிப்ளோமாவும் இருக்கிறது. ஆக, இரண்டு வருடம் ஆடியதால் படிப்பின் கதவு பூட்டிக்கொள்ளாது.

ஒப்பந்தம் கிடைத்தாலும் அது ஒரு வருடமோ இரண்டு வருடமோதான். ஜூன் 30இல் முடியும். மே மாதத்தில் யாரை வைத்திருப்பது, யாரை விடுவது என்று பட்டியல் வரும். 28 வயதில், கைக்குழந்தையோடு, கிரிம்ஸ்பியிலிருந்து கில்லிங்ஹாமுக்கு வீடு மாற வேண்டி வரலாம். கழகமே இல்லாமலும் போகலாம். பரி கழகத்தில் வீரர்களுக்குச் சம்பளம் போகாமல் இழுபட்டு, 2019 ஆகஸ்டில் கழகத்தையே லீக்கிலிருந்து நீக்கினார்கள். அடுத்த வருடம் மக்கிள்ஸ்பீல்ட் டவுனை நீதிமன்றம் மூடியது. அதனால் மகன் முதல் நாளே வீரர்கள் சங்கத்தில் சேர வேண்டும். 1907இல் தொடங்கிய சங்கம் அது. சம்பளத் தகராறில் கூட நிற்கும். படிக்கிற வீரர்களுக்கும் ஆடி முடித்தவர்களுக்கும் கல்விச் செலவில் உதவும். அதன் துணையோடு சல்போர்ட் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படித்து இன்று கழகங்களில் வேலை செய்கிற முன்னாள் வீரர்கள் பலர். மகன் 20 வயதிலேயே அந்தப் பணத்தைக் கேட்கத் தொடங்கட்டும். பயிற்சி மதியத்தோடு முடிந்துவிடும், பின்னேரம் முழுக்க அவர் கையில்.

பந்தைத் தலையால் முட்டுவது (ஹெடர்) பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. சென்டர் பேக்கின் தாய் அதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். வெஸ்ட் ப்ரொம் வீரர் ஜெஃப் ஆஸ்ல் 2002இல் 59 வயதில் இறந்தபோது, அது தொழிலால் வந்த நோய் என்று மரண விசாரணை அதிகாரி தீர்மானித்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் முன்னாள் ஸ்கொட்லாந்து வீரர்களை ஆராய்ந்தது. மற்றவர்களைவிட அவர்கள் மூளைச்சிதைவு நோய்களால் இறப்பது மூன்றரை மடங்கு அதிகம் என்று 2019இல் கண்டது. அவர்களிலும் பின்கள வீரர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம், ஏறத்தாழ ஐந்து மடங்கு, என்று 2021இல் வந்தது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 1977க்கு முன் பிறந்தவர்கள். இன்றைய பயிற்சி முறை வேறு. கிழமைக்குப் பத்து பலமான ஹெடர்களுக்கு மேல் பயிற்சியில் வேண்டாம் என்று 2021-22 பருவத்திலிருந்து இங்கிலாந்தில் வழிகாட்டல் இருக்கிறது. கழகத்தில் அதை யார் எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். பெயர் சொல்லிப் பதில் வந்தால் நல்லது. மகனிடம் ஒன்றை வலியுறுத்துங்கள்: தலையில் அடிபட்டுத் தலையிடியோ மயக்கமோ வந்தால் ஒளிக்கக் கூடாது. இடம் பறிபோகும் என்ற பயத்தில் பையன்கள் ஒளிப்பார்கள்.

கழகத்தைச் சந்திக்கப் போகும்போது இன்னும் சிலவற்றைக் கேளுங்கள். அதே வருடத்தில் எத்தனை சென்டர் பேக் ஸ்கொலர்கள் எடுக்கிறார்கள்? சொந்த அகாடமியில் வளர்ந்த சென்டர் பேக் ஒருவர் கடைசியாக எப்போது முதல் அணியில் ஆடினார்? கடந்த மூன்று வருடத்தில் விடுபட்ட பையன்கள் இப்போது எங்கே? முழங்கால் தசைநார் அறுந்தால் ஒன்பது மாதம் ஓய்வு. அந்தக் காலம் ஒப்பந்தம் எப்படி, சத்திரசிகிச்சைக்கு யார் பொறுப்பு? வீட்டிலிருந்து போய்வர முடியாவிட்டால் எந்தக் குடும்பத்தோடு தங்கவைப்பார்கள்? முகவர் என்று யாராவது வந்தால், 18 வயதுக்குக் குறைந்தவர்களோடு வேலை செய்ய இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தருகிற தனி அனுமதி அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

'எங்கட பிள்ளைகள் யார் இதில் வந்தவர்கள்' என்று அண்ணை கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வேல்ஸில் பிறந்த ஈழத்தமிழ்ப் பிள்ளை விமல் யோகநாதன் 2023இல் பார்ன்ஸ்லிக்காக இறங்கினார், நடுக்கள வீரர். பின்களத்தில் பஞ்சாபித் தந்தையின் மகன் டானி பாத், வுல்வ்ஸ் அணிக்குத் தலைமை தாங்கியவர். வங்காளத் தாயின் மகன் நீல் டெய்லர், மான்செஸ்டர் சிட்டி விட்ட பிறகு ரெக்ஸ்ஹாமில் தொடங்கி 2016 யூரோ என்ற ஐரோப்பிய நாடுகளின் கிண்ணப் போட்டியில் வேல்ஸுக்காக ரஷ்யாவுக்கு எதிராகக் கோல் அடித்தவர். ஆட்கள் குறைவுதான், அண்ணை சொல்வது உண்மை. ஆனால் யாரும் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது.

ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, கையெழுத்துக்கு முன் எனக்கு அனுப்புங்கள். 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சையில் ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் குறைந்தது 4ஆம் தரம் வருமா என்று ஆசிரியரிடம் விசாரியுங்கள். வராவிட்டால் ஸ்கொலராக இருக்கும்போதும் அவற்றைத் திரும்பப் படிக்க வேண்டி வரும். நாங்கள் அடுத்துச் சந்திக்கும்போது அண்ணையையும் மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முதல் அரை மணித்தியாலம் மகன் மட்டும் கதைக்கட்டும், நாங்கள் மூவரும் கேட்போம்.