முட்டித் தேய்மானமும் வலி மாத்திரையும்: வேலூர் மருந்தாளுநர் பதில்கள்

குடியாத்தம், பீடி சுற்றுபவர், வயது 52: தரையில் உட்கார்ந்தே வேலை செய்ததால்தான் முட்டி தேய்ந்ததா?

அது மட்டும் காரணமில்லை அம்மா. வயது, மாதவிடாய் நின்றது, உடல் எடை, எப்போதோ பட்ட அடி, பரம்பரை எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. வேலைகளில் குத்துக்காலிடுவதும் மண்டியிடுவதும்தான் முட்டியை அதிகம் படுத்தும். முடிந்தால் நாற்காலிக்கு மாறுங்கள். இல்லாவிட்டால் அடிக்கடி எழுந்து நாலு அடி நடங்கள்.

ஆம்பூர், ஷூ கம்பெனி ஊழியர்: எடை குறைத்தால் வலி குறையுமா?

குறையும். 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முட்டி தாங்கும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. பாரம் மட்டுமே காரணம் என்றும் நினைக்காதீர்கள். குண்டானவர்களுக்குக் கை விரல் மூட்டும் அதிகம் தேய்கிறது. விரலாலா நடக்கிறோம்? கொழுப்பிலிருந்து சுரக்கும் சில பொருட்களும் மூட்டைக் கெடுக்கின்றன.

காட்பாடி, வயது 68: பிபிக்கு டெல்மிசார்ட்டான் சாப்பிடுகிறேன். மருந்துக்கடையில் ‘ஒரு செட்’ வாங்கிப் போட்டால் இரண்டே நாளில் வலி பறக்கிறது. தொடரலாமா ஐயா?

வேண்டாம். கடைக்காரனே சொல்கிறேன். அந்தச் செட்டில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை இருக்கும், சில சமயம் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். வலி பறக்கும், சரி. ஆனால் பிபி ஏறும், வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் அடிவாங்கும். டெல்மிசார்ட்டானோடு, நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால் ஆபத்து இன்னும் கூடுதல். நம் ஊர் மே மாத வெயிலில் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது கேட்கவே வேண்டாம். மலம் கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதலில் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவிப் பாருங்கள். ரத்தத்தில் கொஞ்சம்தான் கலக்கும். முட்டிக்கும் விரலுக்கும் கேட்கும். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே பலனில்லை. பாராசிட்டமால் இந்த வலிக்குச் சுமார்தான். மாத்திரை வேண்டியே இருந்தால், டாக்டரிடம் பிபி மருந்துச் சீட்டைக் காட்டி, வயிற்றைக் காக்கும் மருந்தோடு, சில நாட்களுக்கு மட்டும்.

ஆரணி, நெசவாளர்: முட்டியில் ஊசி போட்டுக்கொள்ளலாமா? மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமின் மாத்திரை சாப்பிடலாமா?

ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிம்மதி தரும். திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்பு கெடலாம். குளுக்கோசமினால் பெரிய பலன் இருப்பதாக ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. அந்தக் காசுக்குப் பழம் வாங்குங்கள் என்பேன்.

ராணிப்பேட்டை: அம்மா சோளிங்கர் மலைக்குப் படியேறிப் போக ஆசைப்படுகிறார்.

1,305 படி! இறங்கும்போதுதான் முட்டிக்கு அதிக வேலை. ரோப் கார் வந்துவிட்டதே, அதில் கூட்டிப்போங்கள். படி ஏறியே தீருவேன் என்றால், சில மாதம் முன்பே தொடைத் தசைக்குப் பயிற்சி தரட்டும்: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை வைத்து, மெதுவாக இறக்க வேண்டும். தினமும் இரு வேளை, காலுக்குப் பத்து முறை.