பனி ஆந்தையைப் படம் எடுக்க: காரை விட்டு இறங்காதீர்கள்

கேள்வி: கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். போன ஞாயிறு டர்ஹம் பக்கத்து வயலொன்றில் பனி ஆந்தையைக் கண்டேன். மெதுவாகத்தான் நடந்தேன்; பாதி வழியிலேயே பறந்துவிட்டது. எடுத்த நாலு படத்திலும் பனி சாம்பல் நிறமாக இருக்கிறது. கையில் 400 மி.மீ. லென்ஸ். எங்கே தவறினேன்?

பதில்: இறங்கி நடந்ததில். பனி ஆந்தை பிறப்பது ஆர்க்டிக் துந்த்ராவில், மரமே இல்லாத வெட்டவெளியில். குளிருக்கு ஒன்ராறியோ வந்தாலும் அது காட்டை நாடுவதில்லை; அறுவடை முடிந்த மக்காச்சோள நிலம், விமான நிலையம் என்று தான் பிறந்த வெட்டவெளியைப் போன்ற இடத்தையே தேடிப்பிடிக்கும். அந்த வெளியில் ஆள் நடந்து வருவது வெகுதூரத்திலேயே தெரிந்துவிடும். ஓரமாக நிற்கும் காரை அது பெரும்பாலும் சட்டை செய்வதில்லை. போதாததற்கு, அந்த வயல் ஒருவருடைய சொந்த நிலம்.

எத்தனை மீட்டர் தள்ளி நிற்பது என்பதை ஆந்தையே சொல்லும். கண் கீற்றாகச் சுருங்கி, உடம்பைப் பந்துபோல் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தால் உங்களால் தொந்தரவில்லை. நிமிர்ந்து, ஒல்லியாகி, மஞ்சள் கண்ணை உருட்டி உங்களையே பார்த்தால் ஏற்கெனவே கிட்டப் போய்விட்டீர்கள். முன்னால் சாய்ந்து எச்சமிட்டால் பறக்கப்போகிறது. அதற்கு முன்பே காரைப் பின்னால் எடுங்கள்.

தெற்கே வரும் ஆந்தைகள் எல்லாம் பட்டினியால் வருபவை என்று பலர் நம்புகிறார்கள். 2013-14 குளிரில் பெருங்கூட்டம் வந்தபோது தொடங்கிய 'புராஜெக்ட் ஸ்னோஸ்டார்ம்' ஆய்வில், பிடித்த பறவைகளில் பெரும்பாலானவை நல்ல உடல்நிலையில்தான் இருந்தன. வடக்கே லெம்மிங் எலி பெருகிய கோடையில் நிறையக் குஞ்சுகள் பொரிக்கும். அந்த இளசுகளே பெருவாரியாக இறங்கி வருகின்றன. அதற்காக அவற்றைத் திரும்பத் திரும்பக் கிளப்பிவிடலாம் என்றில்லை. பகலில் ஓய்வு, அந்தி சாய்ந்தால் வேட்டை. ஓய்வைக் கெடுத்தால் வீணாகச் சக்தி செலவழியும், காகங்களும் சூழ்ந்து துரத்தும்.

இனி சாம்பல் பனி. எதைக் கண்டாலும் நடுத்தர வெளிச்சம் என்றே கேமரா கணக்குப் போடும்; அதனால் வெள்ளைப் பனியும் சாம்பலாகிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 அளவுக்கு ஏற்றுங்கள். நல்ல வெயிலில் இறகின் விவரம் வெளுத்துப்போனால் கொஞ்சம் குறையுங்கள். பறக்கும்போது ஷட்டர் வேகம் 1/2000 நொடி வேண்டும்.

படம் மங்கலாக வந்தால் லென்ஸை மாற்ற ஓடவேண்டாம். காரின் ஹீட்டர் சூடு ஜன்னல் வழியே வெளியேறும்போது காற்று நெளியும், 400 மி.மீ.யில் அது அப்படியே பதியும். ஹீட்டரையும் எஞ்சினையும் அணைத்து, கண்ணாடியை இறக்கி, உள்ளும் வெளியும் ஒரே குளிராகும்வரை பொறுங்கள். விறைக்கத்தான் செய்யும். லென்ஸைத் தாங்க ஜன்னல் விளிம்பில் அரிசி நிரப்பிய துணிப்பை போதும். உச்சிவெயிலில் வயலே நெளியும், ஆகவே டிசம்பரில் மாலை 3 மணிக்குமேல் போவது நல்லது.

கேமராவை நோக்கி இறக்கை விரித்து வரும் படங்களைப் பார்த்து ஏங்காதீர்கள். அவற்றில் சில, கடையில் வாங்கிய எலியை வீசி எடுத்தவை. அப்படிப் பழகிய ஆந்தை சாலையோரம் ஆட்களைத் தேடி வந்து வண்டியில் அடிபடும். இடத்தை வாட்ஸ்அப்பில் போட்டாலும் மறுநாளே 20 கார்கள் வரிசைகட்டும்.

கிங்ஸ்டன் அருகே ஆம்ஹர்ஸ்ட் தீவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். மில்ஹேவனிலிருந்து ஃபெரி. ரோட்டிலிருந்தே வேலிக்கம்பங்களைப் பாருங்கள். திரும்பும்போது கேமராவைப் பையில் மூடியே வீட்டுக்குள் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியெல்லாம் வியர்த்துவிடும்.