8 வயது மகனின் முழங்கை வலியும் சனிக்கிழமை வயிற்று வலியும்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். 8 வயது மகன் இந்த வசந்த காலத்தில்தான் முதன்முறையாக லிட்டில் லீக் என்னும் சிறுவர் பேஸ்பால் அமைப்பின் அணியில் சேர்ந்தான். நன்றாக எறிகிறான் என்று பயிற்சியாளர் அவனைப் பிட்சராக, அதாவது மட்டையாளருக்குப் பந்து எறிபவராக, நிறுத்துகிறார். என் கணவரும் தினமும் மாலையில் வீட்டுக்குப் பின்னால் 60, 70 பந்துகள் எறிய வைக்கிறார். இரண்டு வாரமாக வலது முழங்கையின் உட்புறம் வலிக்கிறது என்கிறான். ஐபுப்ரோஃபன் கொடுத்தால் அடங்கிவிடுகிறது. ஆட்டம் உள்ள சனிக்கிழமை காலைகளில் வயிற்று வலி என்று அழுகிறான். அணியிலிருந்து விலக்கிவிடலாமா? 5 வயது மகளும் டீ பால் ஆடுகிறாள் (கம்பத்தின் மேல் வைத்த பந்தை அடிக்கும், சிறு குழந்தைகளுக்கான பேஸ்பால்). பந்தைப் பார்க்காமல் புல்லைப் பிடுங்கிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குக் கவனக் குறைபாடு இருக்குமோ என்றும் கவலையாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள வாசகிக்கு, அணியிலிருந்து விலக்குவது பற்றிப் பிறகு பார்க்கலாம், பந்து எறிவதை இன்றே நிறுத்துங்கள். ஆட்டத்திலும் வேண்டாம், வீட்டிலும் வேண்டாம். எறியும் கையின் முழங்கையில், அதுவும் உட்புறத்தில், இரண்டு வாரமாக வலி இருக்கிறது என்றால் அதைத் தசைப்பிடிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. மாத்திரைக்கு வலி அடங்குகிறது என்பதிலும் நிம்மதி கொள்ள ஒன்றுமில்லை. வலி மறைந்த கையோடு சிறுவன் மீண்டும் எறியப் போகிறான், காயம் ஆழமாகிறது. மாத்திரை இந்த இடத்தில் செய்யும் வேலை அவ்வளவுதான்.

நேரில் சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது. எனினும், நீங்கள் விவரிப்பது மருத்துவர்கள் 'லிட்டில் லீக் எல்போ' என்று அழைக்கும் நிலையோடு பெரிதும் ஒத்துப்போகிறது. பந்தை எறியும்போது மடங்கிய முழங்கை சவுக்கைப் போல விரிகிறது. அந்தக் கணத்தில் மூட்டின் உட்பக்கம் இழுபடுகிறது, வெளிப்பக்கம் நசுங்குகிறது. வளர்ந்தவர்களுக்கு இந்த இழுப்பைத் தாங்குவது, எலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் உட்பக்கத்துத் தசைநார். அது அறுந்துபோன டாமி ஜான் என்ற பிட்சருக்கு 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் வேறொரு தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாணை) எடுத்துப் பொருத்தினார். அந்த அறுவைச் சிகிச்சை இன்றும் அந்த விளையாட்டு வீரரின் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. குழந்தைகளிடமோ தசைநாரைவிட வலுக்குறைந்த இன்னொன்று அங்கே இருக்கிறது. எலும்பு முனையில் இன்னும் குருத்தெலும்பாக இருக்கும் வளர்ச்சித் தட்டுதான் அது. தசைநார் அறுவதற்கு முன்பே அந்தத் தட்டு வீங்கி, சில சமயம் எலும்பிலிருந்து விலகத் தொடங்கிவிடும்.

லிட்டில் லீக் அமைப்பு 2007 முதல் இன்னிங்ஸ் கணக்கை விட்டுவிட்டு, பிட்சர் எறியும் பந்துகளையே எண்ணுகிறது. 7, 8 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 50 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது. 21 முதல் 35 வரை எறிந்தால் ஒரு நாளும், 36 முதல் 50 வரை எறிந்தால் இரண்டு நாட்களும் ஓய்வு தர வேண்டும். இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். ஓர் ஆட்டத்துக்கு அனுமதிக்கப்பட்டதைவிட அதிகமான பந்துகளை அவன் ஒவ்வொரு மாலையும், இடையில் ஓய்வே இல்லாமல் எறிந்துகொண்டிருக்கிறான். வீட்டில் எறிந்தவை பயிற்சியாளரின் ஏட்டில் ஏறுவதில்லை, முழங்கையில் ஏறிவிடுகின்றன.

உங்கள் கணவர் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர் என்றால், "நாங்கள் நாள் முழுக்கப் பந்து போட்டோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று அவர் கேட்கக்கூடும். தமிழ்த் தந்தையரிடமிருந்து எதிர்பார்க்க வேண்டிய கேள்விதான் இது. தெருவில் நாம் போட்ட டென்னிஸ் பந்தின் எடை சுமார் 58 கிராம். பேஸ்பாலின் எடை 142 முதல் 149 கிராம் வரை. அது மட்டுமன்று, கிரிக்கெட்டில் கையை மடக்கி எறியக் கூடாது என்பதே விதியாகையால், வேகப்பந்து வீச்சாளரின் சுமை பெரும்பாலும் கீழ்முதுகில் இறங்குகிறது. பேஸ்பாலில் அது முழங்கையிலும் தோளிலும் இறங்குகிறது. ஆகவே அவருடைய அனுபவம் உண்மையானதே, இந்தக் கைக்குப் பொருந்தாது, அவ்வளவே. ஆர்வத்தோடு மகனுடன் மாலை நேரத்தைக் கழிக்கும் தந்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில் தரையில் உருண்டு வரும் பந்தைக் கையுறையால் எடுக்கப் பழக்கலாம், ஓடலாம்.

இந்த வாரத்திலேயே குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் அவர் இரண்டு முழங்கைகளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். வளர்ச்சித் தட்டின் சிறு விலகல் அப்படி ஒப்பிடும்போதுதான் தெளிவாகத் தெரியும். கையை முழுதாக நீட்ட முடியாமல் போவது, மூட்டு பூட்டிக்கொள்வது, வீக்கம், வெளிப்பக்க வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். தொடக்க நிலையிலேயே கண்டுகொண்டால் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் எறியாமல் இருப்பதும், பிறகு குறைந்த தூரம், குறைந்த எண்ணிக்கை என்று படிப்படியாகத் திரும்புவதுமே சிகிச்சை. வலி இல்லாமல் மட்டை பிடிக்க முடிந்தால், மருத்துவரின் ஒப்புதலோடு அவன் பேட்டிங் மட்டும் செய்து அணியில் தொடரலாம். திரும்பிய பின்னும், பிட்சராக எறிந்த அதே நாளில், மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்ச்சராகவும் நிற்க வைக்க வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். கேட்ச்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறார் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. திறமையான பையன் என்று, ஊர் ஊராகச் சென்று போட்டியிடும் டிராவல் பால் அணிகள் இலையுதிர் காலத்துக்கும் அழைத்தால், ஆண்டில் குறைந்தது 4 மாதங்கள் அந்தக் கை பந்து எறியாமல் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

வயிற்று வலிக்கு வருகிறேன். ஆட்ட நாளில் மட்டும் வந்து, ஆட்டம் முடிந்ததும் போய்விடும் தொப்புளைச் சுற்றிய வலி பெரும்பாலும் பதற்றத்தின் வலி. அதைப் பொய் என்று எண்ணாதீர்கள். அவனுக்கு உண்மையாகவே வலிக்கிறது. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொடர் வாந்தி, மலத்தில் இரத்தம், எடை குறைதல் ஆகியவை இருந்தால் கதை வேறு. அதற்கெனத் தனியாகச் சோதிக்க வேண்டும். இல்லையெனில், எதற்கு அஞ்சுகிறான் என்று ஆட்டம் இல்லாத ஒரு நாளில் மெதுவாகக் கேளுங்கள். பந்து மேலே பட்டுவிடும் என்ற அச்சமாக இருக்கலாம். அப்படியானால் மென்மையான பயிற்சிப் பந்தும் முகக் காப்புள்ள ஹெல்மெட்டும் உதவும். கை வலியைச் சொன்னால் அப்பா வருந்துவார் என்ற அச்சமாகவும் இருக்கலாம், உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு இதுவே தோன்றியது. வீடு திரும்பும் காரில் ஆட்டத்தை அலசாமல் வர முடியுமா என்று நீங்கள் இருவரும் ஒரு மாதம் முயன்று பாருங்கள்.

மைதானத்தில் ஏ.இ.டி. என்னும் இதய மின்னதிர்ச்சிக் கருவி எங்கே இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். நெஞ்சில் பந்து பட்டு ஒரு குழந்தை சுருண்டு விழுந்து அசைவற்றுப் போவது மிக அரிது. ஆனால் நேர்ந்தால் உடனே 911-ஐ அழைத்து, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, அக்கருவியைக் கொண்டுவர வேண்டும்.

மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். எப்போதோ ஒருமுறை தன் பக்கம் வரும் பந்துக்காக ஒரே இடத்தில் காத்து நிற்பது 5 வயதுக் குழந்தைக்கு இயல்பான செயல் அன்று. புல்லைப் பிடுங்குவதுதான் இயல்பு. வீட்டிலும் பள்ளியிலும் அவளுடைய கவனம் பற்றிக் குறை இல்லையென்றால் இதற்காகச் சோதனை எதுவும் தேவையில்லை. அண்ணனின் ஆட்டத்துக்கு அவளை அழைத்துச் செல்லும்போது, மட்டையைச் சுழற்றிப் பழகும் பையன்களின் பக்கத்தில் அவள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேஸ்பால் மைதானங்களில் கைக்குக் கை மாறும் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தையும் அவளிடம் கொடுக்காதீர்கள். ஓடிக்கொண்டே மெல்லும் சிறு குழந்தைக்கு அந்த விதை மூச்சுக்குழாயில் சிக்கிவிடக்கூடும்.