கோச் வேலைக்கும் படிப்பு இருக்கிறது

பிளஸ் டூ முடித்த மகளோடு ஒரு அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். மாவட்ட அணியில் கூடைப்பந்து ஆடும் பெண். கோச் ஆக வேண்டும் என்கிறாள். பெரியப்பாவோ நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டே பேசி முடித்துவிட்டார்.

"கவலைப்படாதீங்க" என்றுதான் ஆரம்பித்தேன். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கப் போவதாக அப்பா சொன்னதும் சமாதானத்தை நிறுத்திக்கொண்டேன். பிள்ளை கேட்காத படிப்புக்கு வீட்டை அடகு வைக்காதீர்கள், ஐயா.

"பந்தாட்டம் சொல்லித் தருவதெல்லாம் ஒரு வேலையா?" என்பது பெரியப்பாவின் கேள்வி. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்துக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. கூடைப்பந்தை ஆடலாம், அதற்குக் கோச் எதற்கு என்று தன் மாணவர் ஃபாக் ஆலனிடம் அவர் சொன்னதாகச் சொல்வார்கள். கேன்சஸ் பல்கலைக்கழக அணிக்கு நெய்ஸ்மித் கோச்சாக இருந்த காலத்தில் 55 வெற்றி, 60 தோல்வி. 1907இல் அந்த இடத்துக்கு வந்த ஆலன் இரண்டே வருடத்தில் விலகி, எலும்பு, தசை சார்ந்த ஆஸ்டியோபதி படிக்கப் போனார். 1919இல் கேன்சஸுக்குத் திரும்பியவர் 1956 வரை இருந்தார். அங்கே மட்டும் 590 வெற்றி. அடிபட்ட வீரர்களுக்குத் தானே சிகிச்சை செய்வார். விசிலோடு இன்னொரு கைத்தொழிலும் அவரிடம் இருந்தது. நான் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

பொறியியல், மருத்துவம் பற்றி உங்களுக்கு ஊரே சொல்லும். உடற்கல்விப் படிப்பை யாரும் சொல்ல மாட்டார்கள். சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கிய ஹாரி குரோ பக், அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர்தான். இந்தப் படிப்பில் உடற்கூறியல், உடலியக்கம், விளையாட்டுக் காயங்கள் எல்லாம் உண்டு. 28க்கு 15 மீட்டர் களத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடவும், பன்னிரண்டு அணி வந்தால் நாக்-அவுட் அட்டவணை எழுதவும் பழக வேண்டும். அப்புறம் ஒரு பள்ளி மைதானத்தில், வெயிலில் நெளியும் பிள்ளைகள் முன்னால் பாடத்திட்ட நோட்டோடு நின்று வகுப்பெடுக்க வேண்டும். பட்டம் முடித்தால் உடற்கல்வி ஆசிரியருக்கான இரண்டு வருட பி.பி.எட்.; கோச்சிங்தான் வேண்டுமென்றால் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) டிப்ளமோ. தொடக்கச் சம்பளம் குறைவுதான், மறைக்க மாட்டேன். அதனால்தான் கடன் கூடாது என்கிறேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்க, அவள் என் மேஜையிலிருந்த ஐந்து பேனா மூடிகளை நகர்த்தி, "இவ ஸ்கிரீன் போடணும், அதாவது எதிராளியை மறிச்சு நிக்கணும், அவ அந்தப் பக்கமா வெட்டி ஓடணும்" என்று அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். பெரியப்பா இதைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனாலும் அவளுக்கும் ஒரு நிபந்தனை வைத்தேன். ஒரு மாதம், காலை ஆறு மணிக்கு, பந்தே பிடிக்கத் தெரியாத பத்துச் சிறுமிகளுக்குச் சொல்லிக்கொடு. நீ ஆடக் கூடாது. அது பிடித்திருந்தால் விண்ணப்பம் போடலாம். சீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸை மட்டும் இந்த வாரமே திரும்பக் கேளுங்கள்.